அப்பியுபரம் வரைக்கும் போனவர்கள்

ரோமாபுரிச் சபைக்குப் பவுல் அப்போஸ்தலர் எழுதிய கடிதம்தான் பைபிளில் உள்ள ரோமர் நிருபம். அதன் 16ஆம் அதிகாரத்தை ஆலயத்தில் முழுசாக வாசிக்கக் கேட்ட நினைவு எனக்கு இல்லை. எட்டாம் அதிகாரம் வரும், பன்னிரண்டு வரும், ஞானஸ்நான ஆராதனை என்றால் ஆறு வரும். பதினாறு வராது. காரணம் எல்லோருக்கும் தெரியும், அதில் பெரும்பாலும் பெயர்ப்பட்டியல். அசிங்கிரீத்து, பிலெகோன், எர்மா, பத்திரொபா என்று மைக்குக்கு முன்னால் நின்று தடுமாறாமல் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

எனக்கோ அது மிகவும் பிடித்த அதிகாரம். பார்த்த வேலை அப்படி. ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில் தபால் சர்வீஸில், கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற சார்ட்டிங் பார்த்து ரிட்டயர் ஆனவன் நான். ரயில் ஓட ஓட ராத்திரியெல்லாம் முகவரிகளை வாசித்தே என் கண் கெட்டது. உறைக்குள்ளே என்ன இருக்கிறது என்பது எங்கள் கவலை இல்லை. யாருக்கு, எந்த ஊர், எந்த வண்டியில் போகும், எப்போது போய்ச் சேரும், இவ்வளவுதான். அந்தப் பழக்கதோஷம் இன்னும் விடவில்லை. பவுலின் நிருபத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் உறையைத்தான் பார்க்கிறேன். உபதேசத்தை விளக்க எங்கள் ஐயர், சபைப் போதகர், இருக்கிறார். இதை யார் சுமந்துகொண்டு போனார்கள் என்பது என் கேள்வி.

அந்தக் காலத்து ரோம சாம்ராஜ்யத்திலும் தபால் இருந்தது. அகுஸ்துராயன், அதாவது அகஸ்டஸ் சக்கரவர்த்தி, ஏற்படுத்தியது. சாலை நெடுக ஆங்காங்கே குதிரையும் வண்டியும் மாற்றிக்கொள்ள ஏற்பாடு உண்டு. ஆனால் அது சர்க்கார் காரியத்துக்கு மட்டும், அதுவும் அனுமதிச் சீட்டு இருந்தால்தான். சாதாரண ஜனங்கள் ஒரு கடிதம் அனுப்ப வேண்டுமானால் அந்தப் பக்கம் போகிற வியாபாரியையோ, சொந்தக்காரரையோ, அடிமையையோ தேடிப் பிடிக்க வேண்டும். அந்த ஆள் காய்ச்சலில் படுத்தால் கடிதமும் படுத்துக்கொள்ளும். கப்பல் முழுகினால் அதோடு போச்சு. ஆகவே புதிய ஏற்பாட்டில் ஒரு நிருபம் நம் கையில் இருக்கிறது என்றால், அதற்குப் பின்னால் யாரோ ஒருவர் வீட்டை விட்டுக் கிளம்பிப் பல நாள் அலைந்திருக்கிறார் என்று அர்த்தம்.

ரோமர் நிருபம் கொரிந்துவிலிருந்து ஏறக்குறைய கி.பி. 57இல் எழுதப்பட்டது. கிரேக்கத்தில் 7,000 சொல் வரும். அன்றைய வழக்கத்துக்கு அது கடிதமே இல்லை, சின்னப் புத்தகம். பவுல் சொல்லச் சொல்ல எழுதினவர் தெர்தியு. அவ்வளவு நீளத்தையும் எழுதி முடித்தபின் தன் பங்குக்கு ஒரு வரி போட்டுக்கொள்கிறார்: “இந்த நிருபத்தை எழுதின தெர்தியுவாகிய நான் கர்த்தருக்குள் உங்களை வாழ்த்துகிறேன்.” பவுலின் எல்லா நிருபங்களிலும் எழுதிக்கொடுத்தவர் இப்படித் தன் குரலில் பேசுவது இந்த ஓரிடத்தில்தான். கை வலித்திருக்கும், பாவம்.

கொண்டுபோனவர் பெபேயாள் என்ற பெண். கொரிந்துவின் கிழக்குத் துறைமுகமான கெங்கிரேயாவில் இருந்த சபையின் ஊழியக்காரி. “நிருபத்தை அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்” என்று நேராக எழுதியிருக்கவில்லைதான். ஆனால் அவரை ஏற்றுக்கொள்ளுங்கள், எந்தக் காரியத்தில் உதவி தேவைப்பட்டாலும் செய்துகொடுங்கள், எனக்கும் அநேகருக்கும் ஆதரவாக இருந்தவர் என்று பவுல் சொல்கிறார் அல்லவா, கடிதம் கொண்டுவருகிற ஆளுக்கு அந்தக் காலத்தில் எழுதுகிற சிபாரிசு அதுதான். வேத அறிஞர்களில் பெரும்பாலோரும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். கிறிஸ்தவ உபதேசத்தில் இத்தனை கனமான நிருபம், மொழி தெரியாத மாலுமிகளும் வழிப்பறிக்காரரும் நிறைந்த வழியில், ஒரு பெண்ணின் மூட்டைக்குள் இருந்தபடி போயிருக்கிறது.

இனி பெயர்ப்பட்டியல். பவுல் அதுவரை ரோமாபுரியை மிதித்ததே இல்லை. மிதிக்காத ஊரில் 24 பேரைப் பெயர் சொல்லி விசாரிக்கிறார். ரூபின் தாயையும் நேரேயின் சகோதரியையும் பெயர் சொல்லாமல் உறவு சொல்லி விசாரிக்கிறார். எப்படித் தெரியும்? கிலவுதியுராயன் 49இல் யூதர்களை ரோமாபுரியிலிருந்து கிளப்பிவிட்டான். அப்படி வந்தவர்கள்தான் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். கொரிந்துவில் கூடாரம் தைத்துப் பிழைத்தார்கள், பவுலுக்கும் அதே தொழில், ஒன்றாக உட்கார்ந்து தைத்தார்கள். 54இல் ராயன் செத்தபின் போனவர்கள் பலர் ஊர் திரும்பிவிட்டார்கள். ஆக இந்தப் பட்டியலில் பல பேர் எங்கெங்கோ வழியில், தொழிற்கூடத்தில், சிறையில் சந்தித்த முகங்கள். அன்றோனீக்குவும் யூனியாவும் தன்னோடு காவலில் இருந்தவர்கள் என்று அவரே சொல்கிறார்.

அம்பிலியா, பெர்சியாள், எர்மே எல்லாம் அடிமைகளுக்கும் விடுதலையான அடிமைகளுக்கும் வைக்கிற பெயர்கள். “நர்கீசுவின் வீட்டாரில் கர்த்தருக்குட்பட்டவர்கள்” என்றால் யாரோ பெரிய மனிதன் வீட்டு வேலைக்காரர்கள். திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் என்று சில பெண்களைப் பற்றி ஒரே விதமாகத்தான் எழுதுகிறார்: கர்த்தருக்குள் பிரயாசப்பட்டவர்கள். என்ன பிரயாசம் என்று சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியும், சொல்லவேண்டியதில்லை.

ரூபைப் பற்றின வரி எனக்கு ரொம்பப் பிடித்தது. “எனக்கும் தாயாகிய அவனுடைய தாயையும் வாழ்த்துங்கள்.” பவுல் மாதிரி கறாரான மனிதரை ஒரு அம்மாள் எங்கேயோ ஒரு ஊரில் உட்காரவைத்துச் சோறு போட்டிருக்கிறார். மேல்சட்டையைக் கழற்று, துவைத்துத் தருகிறேன் என்றும் அதட்டியிருப்பார். சிலுவை சுமந்த சீமோனின் மகன் பெயரும் ரூப் என்று மாற்கு எழுதியிருப்பதால், அந்தச் சீமோனின் மனைவிதான் இவர் என்று சொல்கிறவர்களும் உண்டு. இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

இன்னொன்று. பவுல் அங்கே “நான் வாழ்த்துகிறேன்” என்று எழுதவில்லை. “வாழ்த்துங்கள், வாழ்த்துங்கள்” என்று கேட்கிறவர்கள் தலையில் வேலையைப் போடுகிறார். ரோமாபுரியில் அப்போது ஒரே பெரிய சபை கிடையாது. பிரிஸ்கில்லாள் வீட்டில் ஒரு கூட்டம், அசிங்கிரீத்துவோடு ஒரு கூட்டம், பிலொலோகுவோடு ஒரு கூட்டம். இரண்டு அதிகாரம் முன்னால் போய்ப் பாருங்கள். இவர்களுக்குள் சண்டை. ஒருவன் காய்கறி மட்டும் சாப்பிடுகிறான், மற்றவன் எல்லாம் சாப்பிடுகிறான், ஒருவன் நாள் பார்க்கிறான், மற்றவன் பார்ப்பதில்லை. இப்போது அந்தப் பட்டியலைத் திரும்ப வாசியுங்கள். காய்கறிக்காரர் வீட்டில் நிருபம் வாசிக்கப்பட்டால், அங்கே இருப்பவர்கள் எழுந்து இறைச்சிக்காரர் வீட்டுக்குப் போய், “பவுல் உங்களை விசாரித்தார்” என்று சொல்லியாக வேண்டும். சொல்லப் போனவர்களைத் திண்ணையிலேயே நிறுத்தியா அனுப்புவார்கள்? எனக்கென்னவோ 14ஆம் அதிகாரத்தின் நீண்ட உபதேசத்தைவிட 16ஆம் அதிகாரத்தின் இந்தத் தந்திரம்தான் அதிகம் வேலை செய்திருக்கும் என்று தோன்றுகிறது. ஐயர் ஒத்துக்கொள்ளமாட்டார்.

நிருபம் போய் மூன்று வருஷம் போல் கழித்து பவுலே வந்தார், கைதியாக. மெலித்தா தீவில் கப்பல் உடைந்து, வேறு கப்பல் ஏறிப் புத்தேயோலி துறையில் இறங்கினார்கள். அங்கேயும் சகோதரர் இருந்தார்கள், ஏழு நாள் தங்கவைத்தார்கள். அதற்குள் சேதி ரோமாபுரிக்குப் போய்விட்டது. அப்போஸ்தலர் 28:15 சொல்கிறது: அவர்களில் சிலர் அப்பியுபரம் வரைக்கும், சிலர் மூன்று சத்திரம் வரைக்கும் எதிர்கொண்டு வந்தார்கள். அப்பியுபரம் ரோமாபுரியிலிருந்து 43 ரோம மைல், நம் கணக்கில் ஏறக்குறைய 64 கிலோமீட்டர். மூன்று சத்திரம் 33 மைல், 49 கிலோமீட்டர். அப்பியன் சாலை, கல் பாவிய சாலை. நடந்தே போனவர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள்.

அப்பியுபரம் எப்படிப்பட்ட ஊர் என்று தெரியவேண்டுமானால் கவிஞர் ஹோரஸைக் கேட்க வேண்டும். பவுலுக்கு நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைய முன்னால் அந்த வழியில் போனவர். படகுக்காரர்களும் பேராசைபிடித்த சத்திரக்காரர்களும் நெருக்கியடிக்கிற இடம் என்கிறார். தண்ணீர் வாயில் வைக்க முடியவில்லை, அதனால் பட்டினி. அங்கிருந்து சதுப்பு நிலத்தின் ஊடே கால்வாய்ப் படகு. ராத்திரி பூராவும் கொசுக்கடி, தவளைச் சத்தம், தூக்கம் போச்சு. இப்படியொரு ஊரில் வந்து நின்றார்கள் ரோமாபுரிச் சகோதரர்கள். எத்தனை மணி நேரம் நின்றார்களோ, எந்த நாளில் கைதிக் கூட்டம் வரும் என்று நிச்சயமாகத் தெரிந்திருக்கவும் நியாயமில்லை. அவர்களில் அடிமைகள் இருந்திருந்தால் எஜமானிடம் என்ன சொல்லிவிட்டு வந்தார்களோ. சிலர் மட்டும் பத்து மைல் முந்தியே மூன்று சத்திரத்தில் நின்றுவிட்டார்கள். மூட்டுவலிக்காரர்கள் அவர்கள் என்று நான் முடிவுகட்டி வைத்திருக்கிறேன்.

அவர்கள் என்ன பேசினார்கள் என்று அப்போஸ்தலர் புத்தகத்தை எழுதின லூக்கா எழுதவில்லை. பவுலிடம் வசனம் சொன்னார்களா, பாட்டுப் பாடினார்களா, ஒன்றும் இல்லை. “அவர்களைப் பவுல் கண்டு, தேவனை ஸ்தோத்திரித்துத் தைரியமடைந்தான்.” கண்டு. அவ்வளவுதான். கப்பற்சேதத்தில் 276 பேருக்குத் தைரியம் சொன்னவர், தான் தைரியமடைந்ததற்கு நாலு பேர் ரோட்டோரத்தில் நின்றதே போதுமானதாக இருந்திருக்கிறது.

எனக்குத் தினம் காலை ஐந்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ மேல் வசனம் வருகிறது. குரூப்பில் ஒருவர் போட்டால் பின்னால் வரிசையாகக் கைகூப்பு. அதைக் குறை சொல்லவில்லை, ஆனால் சத்தத்தை அணைத்து வைத்திருக்கிறேன். எனக்கு ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்கள் சபை மூப்பர் ஒருவர் சாயங்காலம் தவறாமல் வருவார். “எப்படிவே இருக்கீரு?” என்பார். “இருக்கேன் அண்ணாச்சி” என்பேன். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தினத்தந்தியை விரித்து, நாலாம் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை வாசிப்பார். எனக்கு வாசித்துக் காட்டவும் மாட்டார். விளக்குப் போட்டதும் பேப்பரை மடித்து என் தலைமாட்டில் வைத்துவிட்டுச் சின்னதாக ஒரு ஜெபம் பண்ணிப் போய்விடுவார். என் சம்சாரத்துக்கு அந்த ஒரு மணி நேரம்தான் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருகிற நேரம். அவர் அதற்காகத்தான் வந்தார் என்று பிற்பாடு அவள்தான் சொன்னாள்.

சிறைக்கு வருகிறேன். ரோமர் காலத்துச் சிறைச்சாலை தண்டனை அனுபவிக்கிற இடம் இல்லை, விசாரணை வரைக்கும் அடைத்துப் போடுகிற இடம். சாப்பாடு, போர்வை, விளக்கு எல்லாம் வெளியிலிருந்து வர வேண்டும். கேட்பாரற்றவன் பட்டினிதான். “காவலிலிருந்தேன், என்னைப் பார்க்க வந்தீர்கள்” என்று மத்தேயு 25இல் வருவதை அந்த வெளிச்சத்தில் வாசித்தால், பார்க்க வருவது என்பதற்குள் சோற்றுப் பாத்திரமும் சேர்ந்திருப்பது தெரியும்.

மக்கெதோனியாவிலிருந்த பிலிப்பி சபையார் அதைச் செய்தார்கள். பவுல் காவலில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு எப்பாப்பிரோதீத்துவின் கையில் உதவி அனுப்பினார்கள். மக்கெதோனியாச் சபைகள் கொடிய தரித்திரத்தில் இருந்தவை என்று பவுலே வேறோரிடத்தில் எழுதுகிறார். கொண்டுவந்த எப்பாப்பிரோதீத்து சாகிற அளவுக்கு வியாதிப்பட்டுவிட்டார். அந்தச் சேதி ஊருக்குப் போயிற்று. ஊரார் கவலைப்படுகிறார்கள் என்ற சேதி திரும்பி இவருக்கு வந்தது. தனக்கு வியாதி என்பதைவிட, ஊருக்குத் தெரிந்துவிட்டதே என்பதில்தான் மனுஷனுக்கு அதிக வியாகுலம். அதனால்தான் சீக்கிரம் அனுப்பிவைக்கிறேன், சந்தோஷமாய் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பவுல் எழுதுகிறார். பிலிப்பியர் நிருபம் அவரே திரும்பக் கொண்டுபோனதாகத்தான் இருக்க வேண்டும். அதன் கடைசி அதிகாரம், ஆவிக்குரிய அலங்காரங்களை எடுத்துவிட்டுப் பார்த்தால், பணம் வந்து சேர்ந்தது என்கிற ரசீது. அழகான ரசீது.

203இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் பெர்பெத்துவா என்ற இளம்பெண்ணைப் பிடித்துப் போட்டார்கள். 22 வயது, கையில் பால்குடி மறக்காத குழந்தை. சிறையில் அவர் தம் கைப்பட எழுதிய குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. அப்படியொரு இருட்டை நான் கண்டதேயில்லை என்கிறார். ஜன நெருக்கடியில் வெக்கை, காசு பிடுங்குகிற சிப்பாய்கள், எல்லாவற்றுக்கும் மேல் வெளியே பிள்ளை என்ன ஆயிற்றோ என்ற தவிப்பு. தெர்தியு, பொம்போனியு என்று இரண்டு உதவிக்காரர்கள், டீக்கன்மார், காவலர்களுக்குப் பணம் கொடுத்து, சிறையின் கொஞ்சம் நல்ல பகுதியில் கைதிகள் சில மணி நேரம் இருக்க ஏற்பாடு செய்தார்கள். (இது வேறு தெர்தியு. அந்தப் பெயர் அங்கே நம்மூர் செல்லத்துரை மாதிரி.) அந்த நேரத்தில் பசியால் துவண்டிருந்த பிள்ளைக்குப் பெர்பெத்துவா பால் கொடுத்தார். பின்னால் பிள்ளையைக் கூடவே வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததும், சிறை எனக்கு அரண்மனையாயிற்று என்று எழுதுகிறார்.

சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது லஞ்சம்தான். சந்தேகமே வேண்டாம். எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதினார்களோ. அந்தப் பிள்ளைக்குப் பால் கிடைத்ததே, அதற்கு மேல் நான் ஆடிட் பண்ணத் தயாரில்லை.

கிறிஸ்தவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிக்கொண்டது இது என்று யாராவது நினைத்தால், எதிரியின் சாட்சியும் இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் லூசியன் என்று ஒரு கிரேக்க நையாண்டி எழுத்தாளர். பெரெகிரினுஸ் என்ற ஏமாற்றுக்காரன் கிறிஸ்தவனாக வேஷம் போட்டுச் சிறைக்குப் போன கதையை எழுதுகிறார். விடிகாலையிலேயே சிறை வாசலில் விதவைக் கிழவிகளும் அநாதைப் பிள்ளைகளும் காத்துக் கிடக்கிறார்களாம். சபைப் பெரியவர்கள் காவலருக்குக் காசு கொடுத்து உள்ளேயே அவனோடு படுத்துக்கொள்கிறார்களாம். விதவிதமாகச் சாப்பாடு போகிறதாம். ஆசியா நாட்டு (இன்றைய துருக்கியின் மேற்குப் பக்கம்) ஊர்களிலிருந்தெல்லாம் சபைச் செலவில் ஆட்கள் வருகிறார்களாம். எல்லோரும் சகோதரர் என்று இவர்களுடைய ஆதிகுரு நம்பவைத்துவிட்டான், எவனாவது சாமர்த்தியசாலி வந்தால் இந்த அப்பாவிகளிடம் சீக்கிரம் பணக்காரன் ஆகிவிடலாம் என்று சிரிக்கிறார். திட்டுவதற்காக எழுதியதில் இப்படி நற்சாட்சிப் பத்திரம் கொடுத்தவர் வேறு யாராவது உண்டா தெரியவில்லை.

ஆனால் அவர்கள் அவ்வளவு அப்பாவிகளும் இல்லை. டிடாக்கே என்று ஒரு பழைய சபை ஒழுங்குப் புத்தகம், முதல் நூற்றாண்டின் முடிவு அல்லது அடுத்ததின் தொடக்கம் என்பார்கள். ஊர் ஊராக வருகிற ஊழியக்காரரை எப்படி நடத்துவது என்று அதில் விதி இருக்கிறது. ஒரு நாள் தங்கட்டும். தேவைப்பட்டால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் உட்கார்ந்திருந்தால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த தங்குமிடம் வரை போதுமான அப்பம் மட்டும் கொடு. பணம் கேட்டால் அவனும் கள்ளத் தீர்க்கதரிசிதான். இந்த ஒரு பக்கத்தை அச்சடித்துக் கன்வென்ஷன் பந்தலில் ஒட்டினால் எத்தனை பேருக்கு மேடை ஏறக் கால் வரும்?

சேர்ந்து சாப்பிடுவதிலும் வம்பு இருந்தது. கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்திவந்து தங்கள் சாப்பாட்டைத் தின்று குடித்து மயங்கிக் கிடந்தார்கள். வேலை முடித்து வருகிற ஏழை பசியோடு நின்றான். பவுல் அதற்குக் கொடுத்த சூடு 1 கொரிந்தியர் 11இல் இருக்கிறது. எங்கள் பக்கத்து அசனப் பந்தியில், அதாவது சபை விருந்தில், யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அதே சோறு, அதே குழம்பு. ஆனாலும் கமிட்டிக்காரர்களுக்குத் தனி வரிசை எப்படியோ முளைத்துவிடுகிறது.

இந்தச் சமாசாரத்திலேயே எனக்கு மிகவும் ருசித்தது இக்னேஷியஸின் கடைசிப் பயணம். சீரியாவிலிருந்த அந்தியோகியாவின் பேராயர். டிராஜன் ராயன் காலம், ஏறக்குறைய 110. ரோமாபுரியில் மிருகங்களுக்குப் போட பத்துச் சிப்பாய்கள் சங்கிலியில் கட்டி ஆசியா வழியே கொண்டுபோகிறார்கள். பத்துச் சிறுத்தைகள் என்கிறார் அவர்களை. நன்மை செய்யச் செய்ய இன்னும் மோசமாகிறார்களாம். வழியெல்லாம் சபையார் அவர்களுக்குக் கைநீட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

சிமிர்னாவில் கொஞ்ச நாள் நிறுத்தினார்கள். அங்கே பேராயர் பொலிகார்ப். சேதி பரவியது. எபேசுவிலிருந்து பேராயர் ஒநேசிமு, டீக்கன் புர்ருஸ், குரோக்கு, எயுப்லு, புரோந்தோ என்று ஒரு கூட்டமே கிளம்பி வந்தது. மக்னேசியாவிலிருந்து இளவயது பேராயர் தாமாஸ், இரண்டு மூப்பர், ஒரு டீக்கன். திரல்லஸ் தூரம், அங்கிருந்து பேராயர் பொலிபியு மட்டும். வந்தவர்களில் அந்தந்தச் சபை முழுவதையும் கண்டேன் என்று எழுதுகிறார். ஒவ்வொரு சபைக்கும் ஒரு கடிதம், அவர்கள் கையிலேயே. புர்ருஸை மட்டும் ஊருக்குத் திருப்பி அனுப்பவில்லை. எபேசுவும் சிமிர்னாவும் சேர்ந்து அவரைத் துரோவா வரைக்கும் கூட அனுப்பின. துரோவாவிலிருந்து போன கடிதங்கள் புர்ருஸ் மூலமாக எழுதப்பட்டவை.

துரோவாவில் ஒரு நல்ல சேதி வந்தது, அந்தியோகியாவில் கலகம் அடங்கிச் சபை சமாதானமாயிற்று என்று. சாகப் போகிற மனுஷன் அடுத்து என்ன செய்தார் தெரியுமா? டிஸ்பாட்ச் வேலையைத் தொடங்கிவிட்டார். பொலிகார்ப்புக்கு எழுதுகிறார்: சபையைக் கூட்டுங்கள், சோம்பல் இல்லாத, எல்லோருக்கும் பிரியமான ஒருவரைத் தெரிந்தெடுங்கள், அவரைத் தேவனுடைய ஓட்டக்காரராக அந்தியோகியாவுக்கு அனுப்புங்கள், போய் அவர்கள் சந்தோஷத்தில் கலந்துகொள்ளட்டும். என்னைத் திடீரென்று கப்பல் ஏற்றுகிறார்கள், எல்லாச் சபைக்கும் எழுத நேரமில்லை, நீங்கள் எழுதுங்கள். முடிந்தவர்கள் ஆள் அனுப்பட்டும், முடியாதவர்கள் நீங்கள் அனுப்புகிற ஆள் கையில் கடிதம் கொடுக்கட்டும். அந்தக் கடிதத்தின் முடிவிலும் பெயர்கள்தான். எப்பித்ரோப்பு என்பவரின் மனைவி, அவர் வீட்டார், பிள்ளைகள். ஆல்கே, எனக்குப் பிரியமான பெயர்.

துன்பப்படுகிறவனிடம் ஆள் அனுப்புவது சரி. சமாதானம் ஆகிவிட்ட சபைக்கு, மாதக்கணக்கில் நடந்துபோய், “நல்லாயிருக்கீங்களா, ரொம்ப சந்தோஷம்” என்று சொல்ல ஒரு ஆளா? நானாக இருந்தால் ஒரு கார்டு போதும் என்றிருப்பேன்.

பிலிப்பி சபையாரும் பொலிகார்ப்புக்கு எழுதினார்கள், இக்னேஷியஸ் கடிதங்களின் நகல் கிடைக்குமா என்று. கையில் இருந்ததையெல்லாம் நகல் எடுத்துக் கட்டி அனுப்பினார். இன்று நமக்கு அந்த ஏழு கடிதமும் இருப்பதில் இந்த நகல் வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. கூடவே, இக்னேஷியஸைப் பற்றி நிச்சயமான சேதி ஏதாவது தெரிந்தால் எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள் என்றும் கேட்டுக்கொண்டார்.

நூறு, நூற்றைம்பது வருஷத்துக்குள் இது பெரிய நிர்வாகமாகிவிட்டது. 251இல் ரோமாபுரிப் பேராயர் கொர்நேலியு ஒரு கடிதத்தில் கணக்குத் தருகிறார்: 46 மூப்பர், 7 டீக்கன், சபை பராமரிக்கிற விதவைகளும் திக்கற்றவர்களும் 1,500க்கு மேல். எல்லாம் ஒரே ஊரில்.

அதற்கு இரண்டு மூன்று வருஷத்துக்குள் ஆப்பிரிக்காவில் நுமீதியாப் பக்கம் கொள்ளைக்காரர் புகுந்து சபை ஜனங்களைச் சிறைபிடித்துப் போனார்கள். அங்கிருந்த எட்டுப் பேராயர்கள் கார்த்தேஜ் பேராயர் சிப்ரியனுக்கு எழுதினார்கள். வாசித்ததும் ஊர் அழுதது, பிறகு காணிக்கை எடுத்தது. 100,000 செஸ்டர்ஸ் காசு சேர்ந்தது. கொடுத்தவர்களை ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள் என்று பெயர்ப்பட்டியலோடு சிப்ரியன் பணத்தை அனுப்பிவைத்தார். கடிதத்தில் இன்னொன்றும் எழுதினார். இப்படி மறுபடி நடக்காமல் இருக்கட்டும், ஒருவேளை நடந்தால் தயங்காமல் உடனே எங்களுக்கு எழுதுங்கள், எங்கள் ஜனங்கள் மறுபடியும் சந்தோஷமாகக் கொடுப்பார்கள் என்று. நான் சேகரப் பொருளாளராக, ஒரு போதகரின் கீழுள்ள சபைகளின் கணக்கைப் பார்க்கிறவனாக, இருந்திருக்கிறேன். பணம் அனுப்பச் சம்மதித்திருப்பேன். அந்தக் கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.